ஆழ்கடல் பாடத்தில் மாணவர் ஊகிக்க இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும் பாட மென்பொருள் உருவாக்குநர்களுக்கும் வணக்கம்.

உயர்நிலை வகுப்புகளுக்கான ஆழ்கடல் ஊடாடு பாடங்கள் பல, அழகாக வடிவமைக்கப்பட்டிருந்தும், ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. திரையில் விசித்திரமான உயிரினம் ஒன்று மிதக்கும். தொட்டால் அதன் பெயரும் வாழும் ஆழமும் தோன்றும். மாணவர் அடுத்ததைத் தொடுவார். அது எதை உண்டு வாழ்கிறது என்ற கேள்வி எழுவதே இல்லை.

ஆழ்கடல் சூழலியலின் மையமே அந்தக் கேள்விதான். ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதிய வெளிச்சம் கிடையாது. அங்குள்ள உயிர்களில் பெரும்பாலானவை மேலிருந்து உதிரும் கரிமத் துகள்களை, அதாவது கடற்பனியை, நம்பியிருக்கின்றன. 1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக்கு ஆல்வின் நீர்மூழ்கியில் இறங்கியவர்கள், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிச் செழித்திருந்த உயிர்க்கூட்டத்தைக் கண்டு திகைத்ததற்கும், அத்தனை உயிர்களைத் தாங்கக் கடற்பனி போதாது என்பதே காரணம். அந்தப் பயணக் குழுவில் உயிரியலாளர் ஒருவரும் இல்லை. மேலே கொண்டுவந்த நீர் மாதிரியில் வீசிய அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் காட்டிக்கொடுத்தது; வாயும் குடலும் அற்ற பெருங்குழாய்ப் புழுக்கள், அந்தச் சேர்மத்திலிருந்து ஆற்றல் பெற்று உணவு ஆக்கும் பாக்டீரியாக்களைத் தம் உடலுக்குள் கொண்டிருப்பது சில ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று.

இந்தத் தடயங்களை இதே வரிசையில் மாணவர் முன் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஆழம், வெப்பநிலை, ஆக்ஸிஜன் அளவு ஆகியவை காட்சியோடு சேர்ந்து வரட்டும். தம் ஊகத்தை மாணவர் எழுதிய பிறகே விளக்கம் திறக்கட்டும். ஒகியானோஸ் எக்ஸ்ப்ளோரர், நாட்டிலஸ் போன்ற ஆய்வுக் கப்பல்கள் தம் ஆளில்லா நீரடி ஊர்திகளின் ஆழ்கடல் காட்சிகளை இணையத்தில் நேரலையாக அளித்து வந்துள்ளன. அத்தகைய பதிவுகளைப் பயன்படுத்தும்போது, வெறும் சேறு தெரியும் நீண்ட பகுதிகளை முழுவதும் வெட்டிவிட வேண்டாம். கடலடியின் பெரும்பரப்பு அத்தகைய படிவால் மூடப்பட்டதே.

திரைக்காட்சியில் ஊர்தியின் விளக்கை அணைத்துப் பார்க்கும் வசதியும் தேவை. சிவப்பு ஒளி எட்டாத ஆழத்தில் சிவப்பு இறால் கருமையாகி மறைந்துவிடும். விளக்கொளியில் மட்டும் அதைப் பார்க்கும் மாணவருக்கு, அந்த நிறம் ஒரு மறைவு என்பது புரியாது.

மதிப்பெண் தரும் முறையும் இதற்கேற்ப மாற வேண்டும். ஊகம் தவறாயினும், தரவைச் சுட்டிக் காரணம் எழுதிய மாணவருக்கு, உயிரினங்களின் பெயர்களை மட்டும் ஒப்பித்தவரைவிடக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும்படி மதிப்பீட்டை அமைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்