காளவாய்ச் சூடும் யூரியாக் குளிர்ச்சியும்

கும்பகோணம்

அன்புள்ள நண்பா,

நலம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? இங்கே குறுவை நட்டாயிற்று. தண்ணீர் கடைமடை வரைக்கும் போய்ச் சேர்ந்தால் சரி.

வெப்பம் வெளிவந்தால்தான் வேதிவினை தானாக நடக்குமா என்று உன் பேத்தி கேட்டாளாமே, அருமையான கேள்வி. 19-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கின் ஜூலியஸ் தாம்சன், பிரான்ஸின் பெர்த்தலோ என்ற வேதியியலாளர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அவளை ஒரு வாளித் தண்ணீரில் யூரியா கரைத்துப் பார்க்கச் சொல். சில்லிட்டுப் போகும். 60 கிராம் கரைய ஏறக்குறைய 15 கிலோஜூல் வெப்பத்தைத் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் தானாகவே கரைகிறது. படிகத்தில் வரிசையாக இருந்த மூலக்கூறுகள் தண்ணீரெங்கும் பரவும்போது என்ட்ரோபி, அதாவது துகள்களும் ஆற்றலும் சிதறிப் பரவிக் கிடக்கும் அளவு, கூடுகிறது. அந்த ஆதாயம் வெப்பச் செலவை மிஞ்சிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கை அமெரிக்க விஞ்ஞானி கிப்ஸ் 1870-களில் தந்தார். கெல்வின் வெப்பநிலையை (செல்சியஸோடு 273 கூட்டியது) என்ட்ரோபி மாற்றத்தால் பெருக்கி, என்தால்பி மாற்றத்திலிருந்து, அதாவது வினை உள்வாங்கும் அல்லது வெளிவிடும் வெப்பத்திலிருந்து, கழிக்க வேண்டும். விடை எதிர்க்குறியில் வந்தால் வினை தானாக நடக்கும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த வெப்பநிலைதான். கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வாசலில் எத்தனை வருஷம் கிடந்தாலும் சுண்ணாம்பாகாது. காளவாயில் 850, 900 டிகிரி செல்சியஸ் ஏறினால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். வாயு உண்டாவதால் என்ட்ரோபி வெகுவாகக் கூடுகிறது. சூடு ஏற ஏற அதன் பங்கு வளர்ந்து, மோலுக்கு (வேதியியலில் பொருளை அளக்கும் அலகு; கால்சியம் கார்பனேட்டில் சுமார் 100 கிராம்) 178 கிலோஜூல் என்ற வெப்பச் செலவையும் தாண்டுகிறது. அதே சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறதே, அது மோலுக்கு 65 கிலோஜூல் வாக்கில் வெப்பம் உமிழும் வினை.

அப்புறம், தானாக நடக்கும் என்றால் உடனே நடக்கும் என்று பொருளில்லை. இதைப் பிள்ளைகளுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கணக்குப்படி வைக்கோல் காற்றோடு சேர்ந்து எரிய வேண்டியதுதான். ஆனால் போர் மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. கிளர்வு ஆற்றல், அதாவது வினை தொடங்கத் தேவையான ஆற்றல், வரப்பு போலக் குறுக்கே நின்று தடுக்கிறது. ஈர வைக்கோல் என்றால் ஆபத்து. நுண்ணுயிர்கள் கிளப்பும் சூடு உள்ளேயே தங்கி, ஏறி, சில நேரம் தீயே பிடித்துவிடும். குறுவை அறுப்பு மழையோடு வரும், நன்றாகக் காயவிட்டுப் போர் போடு.

பேத்திக்கு ஒரு கணக்கு: கிளிஞ்சலுக்கு என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு 0.16 கிலோஜூல். 178-ஐ அதால் வகுத்து, 273-ஐக் கழிக்கச் சொல். காளவாய்ச் சூட்டுக்குக் கிட்டத்தட்ட வருகிறதா என்று அவளையே எழுதச் சொல்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்