பட்டாலையில் காய்ந்த தாள்கள்: ஆச்சிக்கு ஒரு நன்றி மடல்

ஆஸ்திரேலியாவின் பழைய குடியேற்றக் கொள்கை பற்றிய நம் கானாடுகாத்தான் கண்காட்சிக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை ராத்திரி மழையை ஊரே பார்த்தது. விடியுமுன் வந்து பலகை தூக்கிய கல்லூரிப் பிள்ளைகள், கரண்ட் சரிசெய்த அண்ணன், கேட்காமலே டீ அனுப்பிய கடைக்காரர், அத்தனை பேருக்கும் நன்றி. இனி எழுதுவது பக்கத்து வீட்டு ஆச்சிக்கு.

மழையில் நனைந்த கண்காட்சித் தாள்களை முற்றத்து வெயிலில் பரப்பப்போனபோது, "வெயில்ல போடாதீங்கப்பா, ஓரம் முதல்ல காஞ்சு சுருண்டுக்கும்" என்று சொல்லித் தன் வீட்டுப் பட்டாலைக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். பர்மாவிலிருந்து வந்த பேரேடுகளைக் காயவைத்துப் பழகிய கை. வழவழத் தாள்களை ஈரத்தோடே பிரிக்கச் சொன்னார்கள். காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய வேட்டி விரித்து, இடையிடையே அச்சில்லாத வெள்ளைக் காகிதம் வைத்து, மேலே பலகை. செய்தித்தாள் கூடாது, அதன் மை ஏறும். மூன்று மணிக்கொரு தடவை ஈரக் காகிதத்தை மாற்றினார்கள். இரண்டு நாள் ஈரம் நின்றால் பூஞ்சணம் வந்துவிடுமாம்.

ஜெராக்ஸ் எழுத்துகள் கலையவில்லை. இங்க்ஜெட்டில் எடுத்த வரைபடங்கள் போய்விட்டன. 1901 ஆஸ்திரேலியக் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் தாள் தப்பியது. அந்தச் சட்டப்படி அதிகாரி தனக்குப் பிடித்த ஐரோப்பிய மொழியில் 50 சொல் வாசிப்பார், வந்திறங்கியவர் பிழையின்றி எழுத வேண்டும். ஆங்கிலத்தில் தேறினாலும் வேறொரு மொழியில் மறுபடி சோதிக்கலாம். நிறத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல் கிடையாது, ஆனால் தடுக்க வேண்டியவரைத் தடுத்துவிடும். 1958 வரை இருந்தது இந்தச் சோதனை. வெள்ளையர் அல்லாதவரைக் குடியேறவிடாத அந்த 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கையை எதிர்த்து 1961இல் மெல்பர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய 'ஸ்டூடண்ட் ஆக்ஷன்' பற்றிய தாளும் பிழைத்தது.

ஆச்சி தனியாக எடுத்துவைத்தது 1965 தாளை. நாடுகடத்தப்படவிருந்த ஐந்து வயது ஃபிஜி இந்தியச் சிறுமியைச் சிட்னி விமான நிலையத்தில் சார்லஸ் பெர்கின்ஸ் என்ற ஆஸ்திரேலியப் பழங்குடி மாணவர் காரில் ஏற்றிக்கொண்டு போன செய்தி அது. ஊர் உலகம் திரும்பிப் பார்க்கட்டும் என்றே செய்தார். பிள்ளையை அனுப்பத்தான் செய்தார்கள். ஆனால் 1966இல் விதிகள் தளர்ந்தன, 1973இல் இனம் பார்ப்பதையே கைவிட்டார்கள். அந்த மாணவர்கள் அன்று வாய்மூடி இருந்திருந்தால் இது இன்னும் எத்தனை வருஷம் இழுத்திருக்குமோ!

அடுத்த முறை எல்லாமே லேசர் பிரிண்ட்தான். பலகைகள் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் நிற்கும். இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கும். இது உறுதி.

ஆச்சி, வேட்டிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறோம்.