8 அஞ்சு 40 தான், ஆனா துணியில 36

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல குழந்தைக்கு ஒட்டுத்துணி விரிப்பு செய்யறது எப்படினு போட்டிருந்தீங்க, படமெல்லாம் ரொம்ப அழகு, ஆனா கணக்கு இடிக்குது. 5 இன்ச் சதுரம் 64 எடுத்து வரிசைக்கு 8 வச்சு தைச்சா 40க்கு 40 விரிப்பு ரெடினு எழுதியிருக்கு. வராதுங்க. ஒவ்வொரு சதுரத்துலயும் நாலு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள்ள போயிடும், 5 இன்ச் துண்டு தைச்சு முடிச்சப்புறம் கண்ணுக்கு தெரியறது நாலரை இன்ச் தான், 8 நாலரை 36. நாப்பதுக்கு வரிசைக்கு 9 வைக்கணும், 81 துண்டு, அப்ப 40½ வரும்.

நான் டெய்லர் இல்ல, சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவன், திண்டுக்கல் பக்கம். நிலம் அளக்க செயின் புடிச்ச காலத்துல ஒரு லிங்க், அதாவது செயின்ல ஒரு கண்ணி, தப்பா எழுதுனா பக்கத்து நிலத்துக்காரன் அரிவாளோட வந்து நிப்பான், அந்த பயத்துலயே வேலை பாத்ததால அளவு தப்பா அச்சுல வந்தா தூக்கம் வரமாட்டேங்குது, வேற ஒண்ணுமில்ல.

இந்த தையல் கிறுக்கு எனக்கு வந்த கதையே வேற. டெக்சாஸ்ல இருக்குற பொண்ணு லீவுக்கு வந்தப்ப அவங்கம்மாவுக்குனு ரிப்பன் கட்டுன ஒரு சின்ன துணிக்கட்டு கொண்டு வந்தா, பாக்க இனிப்பு டப்பா மாதிரி இருக்கும், அதுக்கு பேரு சார்ம் பேக். உள்ள 5 இன்ச் சதுரம் 42, எல்லாமே ஒண்ணுக்கொண்ணு சேர்ற கலர்ல பூப்போட்டது கோடுபோட்டதுனு மெஷின்லயே வெட்டி, நூல் பிரியாம இருக்க ஓரம் ரம்பப்பல்லு மாதிரி இருக்கும். இதுலயே 10 இன்ச் சதுரக் கட்டுக்கு லேயர் கேக்காம், ரெண்டரை இன்ச் பட்டையா சுருட்டி வர்றதுக்கு ஜெல்லி ரோலாம், துணிக்கடையா பேக்கரியானு கேட்டேன். சார்ம்ங்கற பேரு பழசு, 19ம் நூற்றாண்டு கடைசில அமெரிக்காவுல பொம்பளைங்க ஒரு துணி மறுபடி வராம ஒவ்வொரு துண்டும் வேற வேற துணியில வச்சு தைச்ச விரிப்புக்கு சார்ம் குயில்ட்னு பேராம், துண்டுக்காக சொந்தபந்தம் அக்கம்பக்கம்னு கேட்டு வாங்கி சேர்ப்பாங்களாம். அதுக்கும் நூறு வருஷம் முன்னாடியே நம்ம சோழமண்டலக் கரையில சாயம் போட்ட சீட்டித்துணி கப்பல்ல போயி அங்க மெத்தை விரிப்பா ஆகியிருக்கு, அதுல இருந்த பூவையெல்லாம் வெட்டி வேற துணிமேல வச்சு தைச்ச விரிப்பு இன்னைக்கும் மியூசியத்துல இருக்கு. இங்கிலாந்துல 1721ல தடைச்சட்டம் போடுற அளவுக்கு நம்ம துணி மேல அவங்களுக்கு மோகம். சரி, அது கிடக்கட்டும்.

வீட்டம்மாவுக்கு மூட்டுவலி, மெஷின் மிதிக்க முடியாது. கட்டு அப்படியே பீரோவுல கிடந்துச்சு, ஒருநாள் மழைக்கு கரண்ட் போயி டிவியும் இல்லாம நான் போயி உக்காந்துட்டேன்.

42 துண்டை 6க்கு 7னு வச்சா முடிஞ்ச அளவு 27க்கு 31½, தொட்டில் குழந்தைக்கு போர்த்த போதும். முதல் வரிசை தைச்சு அளந்தா 27½ வந்துச்சு, சரி தான், ஓரத்துல ரெண்டு பக்கமும் தைக்காத கால் இன்ச் இருக்குல்ல. ரெண்டாவது வரிசை 28ஐ தாண்டிடுச்சு. ஒரே துண்டு, ஒரே மெஷின், எப்படிங்க? ராத்திரி பூரா யோசிச்சு காலையில தான் பிடிபட்டுச்சு. ஆசாரி கணக்குல 8 நூல் ஒரு இன்ச், கால் இன்ச்னா 2 நூல். நான் பேச்சு கொடுத்துக்கிட்டே தைச்சதுல ஒன்றரை நூல்ல போயிருக்கு, அரை நூல் தானேனு பாத்தா ஒரு இணைப்புக்கு ரெண்டு துணியிலயும் அரை அரை, ஒரு நூல் கூடிடுது, 6 துண்டுக்கு 5 இணைப்பு, 5 நூல், அரை இன்ச்சுக்கும் மேல ஏமாத்திடுச்சு. மூலை ஒண்ணும் சேரல, வீட்டம்மா பாத்துட்டு "இதென்ன சந்துல கட்டுன வீடு மாதிரி இருக்கு"னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க.

அப்புறம் மெடிக்கல்ல பிளாஸ்டர் வாங்கி வந்து, ஊசிய கீழ இறக்கி, ஊசி முனைல இருந்து சரியா 2 நூல் அளந்து மெஷின் தட்டுல ஆறு அடுக்கு ஒட்டுனேன். அது ஒரு சின்ன வரப்பு மாதிரி நிக்கும், துணி ஓரம் அதுல உரசிக்கிட்டே போகணும், அவ்வளவு தான். 3 துண்டு தைச்சு பாருங்க, சரியா 14 இன்ச் வந்தா வரப்பு சரி, கூடுனா தள்ளுங்க குறைஞ்சா இழுங்க. இன்னொண்ணு, ரம்பப்பல்லுல மேட்டுல இருந்து 5ஆ பள்ளத்துல இருந்து 5ஆனு கம்பெனிக்கு கம்பெனி மாறும், தைக்கறதுக்கு முன்ன ஒரு துண்டை வச்சு அளந்துட்டா வம்பே இல்ல. இஸ்திரி போடும்போது முதல் வரிசை மடிப்பெல்லாம் வலப்பக்கம் சாய்ச்சா அடுத்த வரிசை இடப்பக்கம் சாய்க்கணும், அப்ப தான் மூலையில ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பூட்டுன மாதிரி உக்காரும், குண்டூசிகூட வேணாம்.

இதெல்லாம் 42 துண்டுல தெரிஞ்சுக்கலாம், 6 துண்டுலயும் தெரிஞ்சுக்கலாம். அதனால தான் சார் சொல்றேன், நீங்க எடுத்த எடுப்புல 64 துண்டு விரிப்பை போட்டா பாதிப்பேர் பாதியிலயே மூட்டை கட்டிடுவாங்க. 9 துண்டு போதும், 3க்கு 3 தைச்சா 14 இன்ச் வரும், அதை நட்ட நடுவுல நெட்டா ஒரு வெட்டு குறுக்க ஒரு வெட்டு, தைச்சதை வெட்டறதானு மனசு பதறும், வெட்டுங்க. 7 இன்ச்ல நாலு துண்டு கிடைக்கும், எதிரெதிர் மூலையில இருக்குற ரெண்டை மட்டும் தலைகீழா திருப்பி வச்சு தைச்சா சின்ன சதுரம் பெரிய சதுரம் நீட்டுக்கட்டம்னு கலந்துகட்டி, இவ்வளவு வேலையை எப்படி செஞ்சீங்கனு கேப்பாங்க. சுத்தி 2 இன்ச் அகலத்துல வெட்டுன பட்டை வச்சு தைச்சா 16 இன்ச் குஷன் உறைக்கு முன்பக்கம் ரெடி. எங்க வீட்டு சோபாவுல ரெண்டு இருக்கு, ரெண்டுமே நல்லா வந்துச்சு.

அடுப்படி பிடிதுணிக்கு காத்தாடி டிசைன். கலர் துண்டும் வெள்ளைத் துண்டும் முகத்தோட முகம் வச்சு, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளி தைச்சு, கோட்டுமேல வெட்டுனா பாதி கலர் பாதி வெள்ளையா ரெண்டு சதுரம். நாலரையா சீவிட்டு நாலு சேர்த்தா 8½ இன்ச்ல காத்தாடி. கோணமா வெட்டுன ஓரம் ரப்பர் மாதிரி இழுபடும், அயர்ன் பாக்ஸை இழுக்காம வச்சு வச்சு எடுக்கணும். உள்ள என்ன வைக்கிறீங்கங்கறது தான் முக்கியம். நான் கடைல கிடைச்ச பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டை வச்சு தைச்சு, பெருமையா தோசைக்கல்லை தூக்குனா நாலு செகண்டுல கை சுடுது, உள்ள பஞ்சு உருகி கட்டி ஆயிடுச்சு. பழைய காட்டன் டர்க்கி டவலை ரெண்டு மடிப்பா வைங்க.

சார்ம் பேக் இங்க எங்க கிடைக்கும்னு வாசகருங்க கேப்பாங்க. அது எதுக்குங்க, கொலுவுக்கும் வளைகாப்புக்கும் தாம்பூலத்தோட வந்த பிளவுஸ் பிட் எல்லா வீட்டு பீரோவுலயும் கிடக்கு, ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு போயி அதே பிட் மறுபடி நம்ம வீட்டுக்கே வந்ததும் உண்டு. 80 சென்டிமீட்டர் பிட், அகலம் 36 இன்ச்னா நீளவாக்குல 6 அகலவாக்குல 7, கணக்கா 42 சதுரம். ஆனா ஒரே பிட்டுல 42 வெட்டாதீங்க, 7 பிட்டுல ஆறாறு எடுத்தா தான் பாக்க லட்சணமா இருக்கும். கல்யாண பத்திரிகை அட்டைல 5 இன்ச் சதுரம் வெட்டி வச்சுக்கிட்டு, கரையை விட்டுட்டு, துணியோட நூல் ஓட்டத்துக்கு நேரா வச்சு டெய்லர் சாக்ல கோடு போடணும். காட்டன் தானானு சந்தேகம்னா ஒரு நூலை உருவி கொளுத்துங்க, காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாச்சுன்னா காட்டன், உருண்டையா கெட்டியாச்சுன்னா பாலியஸ்டர்.

நம்ம துணியை வெட்டறதுக்கு முன்ன அலசியே ஆகணும், சார்ம் பேக்கை மட்டும் அலசக்கூடாது, சின்னத் துண்டுங்கறதால சுருங்கி ஓரம் பிரிஞ்சு அளவே போயிடும். நான் சின்னாளபட்டி சுங்குடில ஒரு செவப்பு பிட்டை அவசரத்துல அலசாம வெள்ளையோட வச்சு தைச்சேன், முதல் தொவைப்புலயே வெள்ளையெல்லாம் ரோஸ். பேத்திக்கு அது தான் பிடிச்சிருக்காம், அதைத் தவிர வேற எதையும் போர்த்திக்க மாட்டேங்குறா.

அதனால இணைப்புல வாரம் ஒரு சின்ன டிசைன் போடுங்க சார், 4 துண்டு 9 துண்டு 16 துண்டுனு, வெட்டுற அளவும் தைச்சு முடிச்ச அளவும் ரெண்டையும் தனித்தனியா போடுங்க. வெட்டுற அளவை மட்டும் போட்டுட்டு விட்டா மறுபடி என்னைய மாதிரி ஒருத்தன் லெட்டர் எழுதுவான்.

ஏற்கனவே உங்க செய்முறையை பாத்து 64 துண்டும் வெட்டி தைச்சு முடிச்சு ஏன் 36 தான் வருதுனு முழிச்சுக்கிட்டு இருக்குறவங்களுக்கு: பிரிக்காதீங்க. ஓரம் தைக்காத அளவு 36½ இருக்கும். ரெண்டரை இன்ச் அகலத்துல நாலு பட்டை வெட்டுங்க, ரெண்டு 36½ நீளம், ரெண்டு 40½ நீளம். சின்னது ரெண்டையும் முதல்ல எதிரெதிர் பக்கம் தைச்சு, அப்புறம் பெருசு ரெண்டையும் மேலயும் கீழயும் தைச்சா நாப்பதே வந்துடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வேயர்,
திண்டுக்கல்