சேர்க்கை முதலில், டிசி அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை இன்னொரு அரசுப் பள்ளியில் சேர்ப்பதற்குப் பெற்றோர் ஏன் இப்படி அலைய வேண்டியிருக்கிறது? இரண்டு பள்ளிக்கும் ஒரே துறை, ஒரே பாடநூல். ஆனால் பழைய பள்ளியில் டிசி கேட்டால் "வருஷக் கடைசியில வாங்க" என்கிறார்கள், புதுப் பள்ளிக்குப் போனால் "டிசி இல்லாம எப்படிச் சேர்க்கிறது" என்கிறார்கள், பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

என் தங்கை மகள் மூன்றாம் வகுப்பு. அவள் அப்பாவுக்கு வேலை வேறு ஊரில் அமைந்ததால் நடுப்பருவத்தில் குடும்பம் இடம் மாற வேண்டி வந்தது. டிசிக்காகத் தங்கை கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போவாள், அன்றைக்கு எச்எம் கூட்டத்துக்குப் போயிருப்பார், அடுத்த முறை போனால் "எமிஸ்ல இன்னும் எடுக்கல" என்பார்கள் (எமிஸ் என்பது பிள்ளைகளின் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் கணினிப் பதிவேடு). அந்தக் குழந்தை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுக் கிளம்புவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வாய்ப்பாடு கூட மறந்துபோச்சு என்று தங்கை அழுதாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, இப்போதும் தீரவில்லை.

ஏனென்றால் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். மாநிலத்துக்குள்ளோ வெளியிலோ, எந்தக் காரணத்துக்காக இடம் மாறினாலும், அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறுவது குழந்தையின் உரிமை. தலைமை ஆசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. தாமதிக்கும் தலைமை ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்பது வரை அதிலேயே எழுதியிருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது 14-வது பிரிவு. கல்வியாண்டு தொடங்கிச் சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் மறுக்கக் கூடாது என்பது 15-வது பிரிவு. அப்படியென்றால் "வருஷக் கடைசியில வாங்க" என்ற பதிலுக்கு இடம் எங்கே இருக்கிறது?

தலைமை ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர் என்பது அதே சட்டத்தின் அட்டவணை. 61 பேர் இருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை போனால் ஒரு ஆசிரியர் பணியிடமே கேள்விக்குறியாகும், அந்தப் பயத்தில்தான் பல இடங்களில் டிசி மேஜையிலேயே கிடக்கிறது என்று நினைக்கிறேன். அவர்கள் பயம் நியாயமானது, அதை அரசு தனியாகத் தீர்க்கட்டும், அதற்காக இடம் மாறிவிட்ட குழந்தையின் பெயரைப் பழைய பதிவேட்டில் பிடித்து வைத்திருப்பது சரியில்லை.

அப்புறம் இந்த எமிஸ் விஷயம். பழைய பள்ளி பிள்ளையின் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் பக்கம் எடுத்துக்கொள்ள முடியும் என்கிறார்கள். சரி, கணினி வேலை அவர்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் முடியட்டும், அதுவரை பிள்ளை வகுப்பில் உட்கார என்ன தடை? தனியார் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதோடு கட்டண பாக்கித் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. டிசி கேட்டு வற்புறுத்தக் கூடாது, பாக்கியை டிசியில் எழுதக் கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

பெற்றோருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். பிள்ளை பெயர், வகுப்பு, எமிஸ் எண், மாறும் காரணம் எழுதி மனுவாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் அதே நகலோடு போங்கள். வாய்ப்பேச்சில் கேட்டு வாய்ப்பேச்சில் மறுக்கப்படும் வரை எந்தப் புகாருக்கும் ஆதாரம் இருக்காது.

கல்வித் துறையிடம் கேட்பது இதுதான்: 5-வது பிரிவை எளிய தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பள்ளி அலுவலக வாசலிலும் ஒட்டுங்கள். பிள்ளை வந்த அன்றே வகுப்பில் உட்கார வைத்துப் பாடநூலைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். டிசியையும் எமிஸ் பதிவையும் பழைய பள்ளியிடமிருந்து புதுப் பள்ளியே கேட்டு வாங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி