பொம்மையின் முதுகில் ஒளியும் கிளிப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'படத்தில் பார்த்தது ஒன்று, கைக்கு வந்தது வேறொன்று' என்று ஆன்லைனில் துணி வாங்குவோர் குறைபடும்போது, பழி பெரும்பாலும் தைத்தவர் மீதே விழுகிறது. தையலில் குறையே இல்லாதபோதும் இந்தக் கோளாறு வரும். துணிக்கடைப் பொம்மைக்கு மாட்டிப் படம் எடுக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது.

கடையில் இருப்பது ஒரே பொம்மை, அதுவும் ஒல்லியானது. பெரிய அளவுச் சட்டையை அதில் மாட்டி, முதுகுப் பக்கம் மிஞ்சும் துணியை நாலைந்து கிளிப்புகளால் இழுத்துப் பிடித்துவிடுகிறார்கள். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது போல நிற்கும். உற்றுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: தோள் தையல் தோள் விளிம்பைத் தாண்டிக் கையில் தொங்கும், விலாத் தையல் பின்னால் போய் மறைந்திருக்கும், பொத்தான்களுக்கு இடையே கிடைமட்டமாகச் சுருக்கம் ஓடும். சாதாரணச் சட்டைக்கு மார்பைச் சுற்றி 3, 4 அங்குலத் தளர்வு இருக்கத்தான் வேண்டும். அதைக் கிளிப் போட்டு விழுங்கக் கூடாது. இடுப்பருகே ஒன்றிரண்டு போதும். துணியின் அளவுக்கேற்ற பொம்மை வேண்டும். பொம்மையின் மார்பளவையும் துணியின் மார்பளவையும் படத்துக்குக் கீழே எழுதிவிட வேண்டும். இதைச் செய்யும் கடைகள் மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

கையில்லாத பொம்மையில் சட்டைக் கை தட்டையாகத் தொங்கும். டிஷ்யூ தாளைத் தளர்வாகச் சுருட்டி முழங்கை வரை நுழைத்தால் உருவம் வரும், திணித்தால் உப்பிவிடும். சுருக்கத்தை, மாட்டிய பிறகு ஸ்டீமரால் மேலிருந்து கீழாக எடுப்பது நல்லது. அடர்நிறப் பாலியஸ்டரில் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் பளபளவென்று தடம் விழும். ஈரம் உலரும் முன் படம் எடுத்தால் அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரியும்.

அடுத்தது நிறம். ஜன்னல் வெளிச்சமும் அறை விளக்கும் சேர்ந்து விழுந்தால் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் ஏறும். எந்த மென்பொருளிலும் இதை முழுதாகச் சரிசெய்வது கடினம். ஒரே வகை விளக்கு, சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கான, 100 வரை போகும் அளவு) 95க்கு மேல் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். துணிக்கு முன் கிரே கார்டை (நடுநிலைச் சாம்பல் நிற அட்டை) வைத்து ஒயிட் பேலன்ஸை, அதாவது கேமரா வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் நிற அமைப்பை, நிலைநிறுத்துங்கள். வெள்ளைப் பின்னணியைப் பார்த்ததும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும்; பின்னணி சாம்பலாகி, சிவப்பு மெரூனாகும். வெளிச்சத்தை நீங்களே அமைக்கும் மேனுவல் முறையில் எடுங்கள். கைபேசி என்றால் வெளிச்சத்தைப் பூட்டி, முக்கால் ஸ்டாப் அளவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டுங்கள்.

வெள்ளைத் துணிதான் பெரிய சோதனை. விளிம்பு பின்னணியில் கரைந்துவிடும். பொம்மையைப் பின்னணியிலிருந்து 6 அடியாவது முன்னால் தள்ளி, படத்தில் விழாதபடி இருபுறமும் கறுப்பு அட்டை நிறுத்தினால் விளிம்பில் மெல்லிய நிழல்கோடு வரும். வெல்வெட்டை ஒரே திசையில் தடவிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். நெருக்கமான கோடுகளில் அலையலையாக வடிவம் தோன்றினால் கேமராவைச் சற்று முன்பின் நகர்த்துங்கள்.

நின்றபடி கண் உயரத்தில் எடுத்தால் துணியின் கீழ்ப்பகுதி குறுகிவிடும். லென்ஸ் துணியின் நடு உயரத்தில் இருக்கட்டும். கைபேசியில் அகல லென்ஸை விட்டு 2 மடங்கு லென்ஸுக்கு மாறி, 8 அடி தள்ளி நில்லுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு வேண்டவே வேண்டாம். நூல் விளிம்பையெல்லாம் அது மங்கலாக்கிவிடும்.

கழுத்துக்குள் பொம்மை தெரியாமல் இருக்க, கேமராவையும் விளக்கையும் அசைக்காமல் பின்கழுத்தின் உள்பக்கத்தைத் தனியாகப் படம் எடுத்து, முன்பக்கப் படத்தில் ஒட்டுவார்கள். அந்த உள்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று இருண்டிருக்க வேண்டும். வெளிச்சமாக ஒட்டினால் கழுத்தில் காகிதம் செருகியது போல இருக்கும்.

கடைக்காரர்களுக்கு ஒரு கோரிக்கை: பொம்மையின் முதுகுப் பக்கப் படத்தையும், கிளிப்பை எடுத்துவிட்டு, சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
ஆடைப் படப்பிடிப்புத் தொழிலில் உள்ள வாசகர்