மாலதிக்கு, ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள மாலதி,

உன் மெயில் வந்து மூன்று வாரம். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள், முதலில் படி. இங்கே எல்லோரும் சுகம். சுகுணாவுக்கு அதே கார்தான், அதே ஹாரன்தான்.

கிளையண்ட் கேஸ் போட்டால் உன்னைக் காக்கும் என்று நீ அனுப்பிய இன்சூரன்ஸ் பாலிசியைக் கடைசி வரி வரை பார்த்தேன். முதல் பக்கத்தில் பத்து லட்சம் டாலர் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அந்தத் தைரியத்தில்தான் கொலராடோவின் டென்வரில் உட்கார்ந்து, மனநிலையையே மாற்றும் சைகெடெலிக் காளான் சாப்பிடுகிறவர்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறாயா? விலக்குகள் பகுதிக்குப் போ. 'சட்டவிரோதச் செயலிலிருந்து எழும் எந்தக் கோரிக்கைக்கும் பொருந்தாது' என்று ஒரு வரி. அதில் 'எழும்' என்ற சொல்தான் விஷம். கோர்ட்டுகள் அதைப் பெரும்பாலும் ரொம்ப அகலமாகத்தான் படிக்கும். நீ காளானைத் தொட்டிருக்கவே வேண்டாம். கிளையண்ட் சாப்பிட்டதற்கும் அவருக்கு வந்த கஷ்டத்துக்கும் முடிச்சுப் போட முடிந்தாலே கம்பெனி கையை விரித்துவிடலாம். இந்தக் காளானுக்கு வழிவிடும் மாநிலச் சட்டத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்கள்: 2022-ல் கொலராடோ 122-ஐ ஜெயிக்க வைத்தது, 2020-ல் ஓரிகன் 109-ஐ. சரி. ஆனால் அமெரிக்க மத்திய சட்டத்தில், காளானில் இருக்கும் சைலோசைபின் இன்னும் மிகக் கடுமையாகத் தடுக்கப்பட்ட முதல் அட்டவணையில்தான். எந்தச் சட்டம் என்று பாலிசி சொல்லாதபோது, கம்பெனி தனக்குத் தோதானதைத்தான் காட்டும்.

அதைவிட மோசம் உன் ரினியூவல் ஃபாரம். தொழில் விவரம்: 'வெல்னஸ் கோச்சிங்'. அவ்வளவுதானா? முக்கியமான உண்மையை மறைத்தாய் என்று நிரூபித்தால், பாலிசியை ஆரம்பத்திலிருந்தே இல்லாததாக்கி பிரீமியத்தைத் திருப்பி அனுப்புவார்கள். பணம் வரும், வக்கீல் வரமாட்டார். 'பார்த்துக்கலாம்' என்று நீ சொல்வது இங்கே செல்லாது, அம்மணி.

ஆகவே மெயிலில் இப்படிக் கேள்: "சைகெடெலிக் பொருளைத் தாமாக எடுத்துக்கொள்ளும் கிளையண்டுகளோடு முன்னும் பின்னும் பேசுகிறேன். பொருள் தருவதில்லை, எங்கே கிடைக்கும் என்று சொல்வதில்லை, எடுக்கும்போது கூட இருப்பதில்லை. இதற்குக் காப்பு உண்டா?" ஏஜென்ட் போனில் "உண்டு மேடம்" என்றால் போதாது. கம்பெனியிடமிருந்தே எழுத்தில் வர வேண்டும், முடிந்தால் பாலிசியோடு சேர்க்கும் ஒப்புதலாக. இன்னொன்று, உன்னுடையது கிளைம் வரும் நாளைப் பார்க்கும் வகை. சம்பவம் நடந்த நாளில் பாலிசி இருந்தால் மட்டும் பிழைக்க முடியாது, கேஸ் வரும் நாளிலும் இருக்க வேண்டும். கம்பெனி மாறினால் பழைய முன்தேதியை, அதாவது எந்த நாளுக்குப் பின் நடந்ததற்குக் காப்பு என்ற தேதியை, விட்டுக்கொடுக்காதே. தொழிலை மூடினால், பிறகு வரும் கேஸுக்காக நீட்டிப்புக் காப்பு வாங்கு.

இனி சிரிப்பில்லை. உன் தயாரிப்புக் கையேட்டில் 'மன அழுத்த மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தவும்' என்று இருக்கிறது. அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடு. லைசென்ஸ் இல்லாமல் மருத்துவம் பார்த்ததற்கு அதைவிட நல்ல சாட்சி எதிர்த்தரப்புக்குக் கிடைக்காது. கணக்கும் தப்பு. ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மன அழுத்த மாத்திரை உடம்பைவிட்டுப் போகவே பல வாரம் ஆகும். திடீரென்று நிறுத்தினால் தற்கொலை எண்ணம் திரும்பலாம். அயவாஸ்கா என்ற சைகெடெலிக் மூலிகைக் கஷாயத்தோடு அந்த மாத்திரை சேர்ந்தால் மூளை ரசாயனமான செரட்டோனின் எகிறி உயிருக்கே ஆபத்து. இருமுனை நோய்க்குத் தரும் லித்தியம் எடுப்பவருக்குச் சைலோசைபினோடு வலிப்பு வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஓரிகனில் கடந்த 30 நாளில் லித்தியம் எடுத்தவரை, சைலோசைபின் தரும் லைசென்ஸ் பெற்ற மையத்துக்குள்ளேயே சேர்ப்பதில்லை. நீ கேட்க வேண்டியது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் மனச்சிதைவோ இருமுனை நோயோ உண்டா என்று. சொல்ல வேண்டியது, 'உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்' மட்டும். கேட்ட தேதி, சொன்ன தேதி இரண்டையும் குறித்து வை.

குறிப்பு என்றதும் அடுத்த தலைவலி. மனநல சிகிச்சையாளரிடம் பேசியதை வெளியிட வற்புறுத்தக் கூடாது என்று 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது லைசென்ஸ் உள்ளவர்களுக்கு. கோச்சுக்கு அந்தக் கவசம் கிடையாது. சம்மன் வந்தால் உன் வாட்ஸப்பும் மேசைக்கு வரும். அதற்காக பயந்து அழித்தால், கேஸ் வரும் என்று தெரிந்தே சாட்சியத்தை அழித்தாள் என்பார்கள். எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று முன்னாடியே ஒரு விதி எழுதி, அதன்படி நட. காளான் விற்பவரின் ஒரு போன் நம்பரைக்கூட ஃபார்வர்டு செய்யாதே. வாங்குவதற்கு உதவினாய் என்று ஆனால் மத்திய சட்டத்தில் உடந்தை, கூட்டுச்சதி இரண்டும் காத்திருக்கின்றன. கஞ்சாவைப் பற்றிப் பேசிய டாக்டர்களைக் கலிஃபோர்னியா பக்கத்து அப்பீல் கோர்ட் 2002-ல் காப்பாற்றியதை நம்பிக்கொண்டிருக்காதே. நீ டாக்டரும் இல்லை, கொலராடோ அந்தக் கோர்ட்டின் எல்லையிலும் இல்லை.

'எதற்கும் நான் பொறுப்பல்ல' என்று கிளையண்டிடம் வாங்கும் கையெழுத்து? அப்பட்டமான அலட்சியத்துக்கு அது பொதுவாக நிற்காது. வைத்துக்கொள், ஆனால் அதன்மேல் சாயாதே.

ஃபாரத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதே. திருத்திய கையேட்டை முதலில் எனக்கு அனுப்பு, சிவப்பு மையோடு காத்திருக்கிறேன். பெருமாள் சார் திருத்திய மாதிரியே.

உன்,
கமலா