ஜாக்சன் ஹைட்ஸில் கவிதா பார்த்த வீடு

அன்புள்ள கோமதி,

நலம். உன் நலமும் அண்ணன் நலமும் அறிய ஆவல். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நீ மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டதாகக் கவிதா சொன்னாள். நிம்மதியாக இருந்தது. வலி குறைந்துவிட்டதே என்று பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாதே.

நீ கேட்டுக்கொண்டபடி ஞாயிற்றுக்கிழமை அவளோடு போய், நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸில் அவள் வாங்க நினைக்கும் அந்த வீட்டைப் பார்த்தேன். "காசு கொடுத்து வாங்குகிறவளை எதற்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறார்கள்?" என்று கோபமாகக் கேட்டிருந்தாய். அதற்கு வருகிறேன், முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன்.

1920களில் எழுந்த ஆறு மாடிக் கட்டடம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கட்டியதை இங்கே 'ப்ரீ-வார்' என்பார்கள், அதற்கென்றே தேடி வருகிறவர்கள் உண்டு. வாசலைத் திறந்ததும் ஒரு சின்ன முன்கூடம். அதிலிருந்து ஹால், படுக்கையறை, சமையலறை எல்லாம் தனித்தனியாகப் பிரிகின்றன. சமையலறைக்குக் கதவும் ஜன்னலும் இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது, தாளிக்கிற நெடி சோபாவில் போய் உட்காராது. தரை முழுக்க ஓக் பலகை. சுவரை ஒட்டிச் சுற்றிலும் கறுப்பு மரத்தில் மெல்லிய இரட்டைக் கோடு ஓடுகிறது. மூலைக்கு மூலை அது சிக்குக்கோலம் போலப் பின்னிக்கொண்டு திரும்புகிறது. குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். நூறு வருஷம் ஆகியும் ஒரு துண்டுகூடப் பெயரவில்லை.

குறைகளும் உண்டு. அறைக்கு இரண்டு பிளக் பாயின்ட்தான். கிரைண்டரையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பியூஸ் போய்விடும், வயரிங் மாற்றியே ஆக வேண்டும். நீராவி ரேடியேட்டருக்குக் கட்டடம் முழுமைக்கும் ஒரே பாய்லர், நம் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க முடியாது. ஜனவரியில் வெளியே பனி கொட்டும்போது உள்ளே வேர்த்து ஜன்னலைத் திறந்துவைக்கிறவர்கள் நிறைய. துணி துவைக்க அடித்தளத்துக்குப் போக வேண்டும். முக்கியமானது, பெயின்ட். நியூயார்க்கில் வீடுகளுக்கு ஈயம் கலந்த பெயின்ட் அடிப்பதை 1960-ல்தான் தடை செய்தார்கள். பேரன் தவழ்ந்து கையை வாயில் வைக்கிற வயசு. ஒப்பந்தத்துக்கு முன்னால் ஈயப் பரிசோதனை செய்துகொள்ள வாங்குகிறவருக்குச் சட்டப்படி 10 நாள் அவகாசம் உண்டு. அதைச் செய்யாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இது கோ-ஆப். கட்டடம் மொத்தமும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். கவிதா வாங்கப்போவது அந்தக் கம்பெனியின் பங்குகளை. அந்தப் பங்குகளுக்காக அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை எழுதிக் கொடுப்பார்கள். நம் ஊர் மாதிரி அவள் பெயரில் தனிப் பத்திரம் கிடையாது. மாதாமாதம் கட்டுகிற மெயின்டெனன்ஸில் கட்டடத்தின் சொத்து வரி, வெந்நீர், ஹீட்டிங், வேலையாட்கள் சம்பளம், கட்டடத்தின் பேரில் உள்ள கடனுக்கான தவணை எல்லாம் அடக்கம். ஒருத்தர் கட்டாமல் நின்றால் மற்றவர்கள் தலையில்தான் விழும். அதனால்தான் அந்தக் கம்பெனியை நடத்தும் போர்டுக்காரர்கள், புதிதாக வருகிறவரின் வருமான வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட், தெரிந்தவர்களின் சிபாரிசுக் கடிதம் எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, நேரிலும் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். அதுவரை எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆனால் வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று வைத்திருக்கிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பேட்டையின் கதை தெரிந்தால் உனக்கும் அப்படித்தான் தோன்றும். 1909-ல் மன்ஹாட்டனோடு இணைக்கும் குயின்ஸ்பரோ பாலம் திறந்த பிறகு, குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற கம்பெனி எட்வர்ட் மக்டூகல் தலைமையில் இங்கிருந்த பண்ணை நிலங்களை வளைத்துப் போட்டது. 1917-ல் ரயில் வந்தது. நாலு தெருக்கள் சூழ்ந்த பிளாக்கின் ஓரங்களில் கட்டடம், நடுவில் எல்லோருக்கும் பொதுவான நீளத் தோட்டம் என்று அருமையாகத் திட்டமிட்டார்கள். ஆனால் யூதர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் அந்த வீடுகளைக் கொடுக்கவில்லை. இனம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று நாடு முழுமைக்கும் சட்டம் வர 1968 ஆயிற்று. இன்றைக்கு அதே தெருக்களில் வங்காளதேசத்தவர், திபெத்தியர், கொலம்பியாக்காரர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். நம் பெண் அந்த போர்டு முன்னால் உட்காரப் போகிறாள் என்பது எனக்குப் பெருமை. காரணம் சொல்லும் கடமையும் போர்டுக்கு இருந்தால் பெருமையோடு நிம்மதியும் இருக்கும்.

அவளுக்குத் தோட்டத்தைப் பார்த்ததும் மனசு போய்விட்டது. ஹால் ஜன்னலுக்குக் கீழே பெரிய மரங்கள், ஒரு தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், சைரன் சத்தம்கூட எட்டவில்லை. நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: தோட்டத்தையும் தரையையும் பார்த்து முடிவெடுக்காதே, கம்பெனியின் கணக்கைப் பார்த்து முடிவெடு. கட்டடத்தின் கடனை எப்போது புதுப்பிக்க வேண்டும், கையிருப்பு எவ்வளவு, கூரைக்கோ பாய்லருக்கோ தனி வசூல் வருமா, எத்தனை பேர் பாக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய கட்டடங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு 2024 முதல் நகரம் வரம்பு வைத்திருக்கிறது, 2030-ல் அது இன்னும் இறுகும். பழைய பாய்லரை மாற்றச் செலவு வந்தால் அவளும் பங்கு கொடுக்க வேண்டும். 1993 முதல் இது பாதுகாக்கப்பட்ட பகுதி வேறு; ஜன்னல் மாற்றக்கூட நகரத்தின் அனுமதி வேண்டும். மூன்று வருஷத்து ஆடிட் அறிக்கையை வக்கீல் வாங்கியிருக்கிறார், போர்டின் கூட்டக் குறிப்புகளையும் போய்ப் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். சண்டை சச்சரவு, எலித் தொல்லை, ஒழுகல் எல்லாம் அதில்தான் இருக்கும்.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. ஹாஸ்டலில் விளக்கை அணைத்த பிறகும் டார்ச் வைத்துக்கொண்டு ஸ்க்ராபிள் ஆடினோமே, அதைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் இந்தப் பேட்டைக்காரர்! 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போன கட்டடக் கலைஞர். 35-வது அவென்யூவும் 81-வது தெருவும் சேர்கிற இடத்தில் தெருப் பலகையிலேயே எழுத்துக்குப் பக்கத்தில் ஸ்க்ராபிள் பாயின்ட் போட்டிருக்கிறார்கள். நீ வரும்போது கூட்டிப்போகிறேன். 34-வது அவென்யூவில் 2020 முதல் பகலில் கார் ஓடாமல் அடைத்து வைக்கிறார்கள், உன் முழங்காலுக்கு ஏற்ற நடைபாதை. 74-வது தெருவில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும், பிளஷிங் பிள்ளையார் கோவிலுக்கும் ரயிலில் போய்விடலாம்.

அண்ணனிடம் இரண்டு விஷயம் சொல். அவர் கொடுக்கிற பணம் கடன் அல்ல, அன்பளிப்பு என்று கையெழுத்துப் போட்ட கடிதம் போர்டுக்கும் பேங்குக்கும் தேவைப்படும். ரிசர்வ் வங்கி விதிப்படி ஆளுக்கு வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், ஆனால் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அனுப்பும்போதே டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். அதை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் ஆடிட்டரை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்கு சரியாக இருந்தால் வாங்கட்டும் கோமதி. நல்ல வீடு, நல்ல இடம். வக்கீல் படித்துச் சொன்னதும் உடனே எழுதுகிறேன்.

அன்புடன்,
மீனாட்சி